தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்கு: எலக்ட்ரானிக்ஸ் பட்டப்படிப்பில் சேர்வதும் படிப்பதும்

மாங்காய் சீசன் சூடு பிடிக்கும் நேரத்தில்தான் நம் பக்கம் பிளஸ் டூ ரிசல்ட் வரும், பொறியியல் விண்ணப்பமும் தொடங்கும். அரூர், பென்னாகரம், பாலக்கோடு, ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை என்று எந்த ஊர்ப் பிள்ளையாக இருந்தாலும் அந்தச் சில வாரங்களுக்குள் முடிவெடுத்தாக வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் படிக்கலாம் என்று மனதில் இருந்தால், சேரும் வழியையும் சேர்ந்த பிறகு படிக்கும் முறையையும் கீழே எழுதியிருக்கிறேன். முதல் இரண்டு வருடத்தைப் பற்றித்தான் அதிகம் இருக்கும். இந்தப் படிப்பில் பலர் தடுமாறுவது அங்கேதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தப் பாடமானாலும் பேப்பரில் கணக்குப் போடுங்கள், பாகங்களைச் செருகிச் சர்க்யூட் கட்டும் பலகையான பிரெட்போர்டில் கட்டுங்கள், மீட்டர் வைத்து அளந்து பாருங்கள். கணக்கும் அளவும் ஒத்துப்போகாத இடத்தில் ஏன் என்று தேடுங்கள். நான்கு வருடமும் இதை விடாமல் செய்கிறவருக்கு, கல்லூரி செட்டிக்கரையில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும் பெரிய வித்தியாசம் வராது என்று நம்புகிறேன்.

எந்த வழியாகச் சேரலாம்

பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவர்களுக்கு நேர் வழி பி.இ. இ.சி.இ., அதாவது எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன், நான்கு வருடம். நம் இரண்டு மாவட்டத்திலும் ஆளுக்கொரு அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. பர்கூரில் இருப்பது 1994இல் தொடங்கியது, தன்னாட்சி பெற்றது. தர்மபுரிக்கு அருகே செட்டிக்கரையில் இருப்பது 2013இல் தொடங்கியது. இரண்டும் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. தனியாரில் ஓசூர் அதியமான் பொறியியல் கல்லூரி பழையது. அதைத் தவிரவும் பல இருக்கின்றன. கட்டணத்தைப் பார்த்தால் அரசுக் கல்லூரிக்கு இணையே இல்லை. இடம் கிடைத்தால் யோசிக்காமல் சேருங்கள்.

பத்தாம் வகுப்பு முடித்தவுடன் பாலிடெக்னிக்கில் மூன்று வருட டிப்ளமோ இ.சி.இ. படிப்பது இன்னொரு வழி. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு பாலிடெக்னிக் உண்டு. டிப்ளமோ முடித்தவர்கள் லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். ஐ.டி.ஐ. முடித்தவர்களும் பிளஸ் டூ முடித்தவர்களும் டிப்ளமோவின் இரண்டாம் ஆண்டில் சேர வழி இருக்கிறது. இந்த வழியைத் தாழ்வாகப் பேசுகிறவர்களின் பேச்சைக் காதில் வாங்க வேண்டாம். டிப்ளமோ முடித்து வருகிறவர் சால்டரிங் பழகிய கையோடு வருவார், அது பெரிய பலம். அவருக்குக் குறையாக இருப்பது கணிதம். சேர்வதற்கு முந்தைய விடுமுறையிலேயே தொகையீடு, வகைக்கெழுச் சமன்பாடு இரண்டையும் பழகிவிட்டால் அந்தப் பள்ளமும் நிரம்பிவிடும்.

மூன்று வருட பி.எஸ்சி. எலக்ட்ரானிக்ஸும் உண்டு. நம் மாவட்டங்களில் உள்ள கலை அறிவியல் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. எம்.எஸ்சி., எம்.சி.ஏ. என்று மேலே படிக்கும் எண்ணம் இருந்தால் இது நல்ல படிப்பு. பட்டத்தோடு நிறுத்திக்கொண்டு வேலைக்குப் போவதாக இருந்தால் பி.இ. அல்லது டிப்ளமோதான் எளிது.

கவுன்சலிங்

கட் ஆஃப் கணக்கு 200க்கு. கணித மதிப்பெண் அப்படியே வரும், இயற்பியலும் வேதியியலும் பாதியாக வரும். கணிதம் 84, இயற்பியல் 76, வேதியியல் 80 என்றால் 84 + 38 + 40, மொத்தம் 162. மதிப்பெண் சமமாக வந்தால் முதலில் கணிதத்தைத்தான் பார்ப்பார்கள்.

விண்ணப்பம் முழுவதும் ஆன்லைன். வீட்டில் கணினி இல்லாவிட்டால் டி.என்.இ.ஏ., அதாவது தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக்கான சேவை மையத்துக்குப் போகலாம், அரசுக் கல்லூரிகளில் இந்த மையங்கள் செயல்படும். சாதிச் சான்று, வருமானச் சான்று, குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்று, இவற்றுக்கு ரிசல்ட் வருவதற்கு முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். ரிசல்ட் வந்த பிறகு தாலுகா ஆபீசில் கூட்டம் அலைமோதும்.

6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இது தெரியாமல் விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்டுவிடாதீர்கள். அரசுப் பள்ளி மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்குக்கே வரும். முதல் பட்டதாரிச் சலுகை தனி. எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு.

விருப்பப் பட்டியல் போடும்போது பலர் ‘எனக்குக் கிடைக்குமா’ என்று பயந்து நல்ல கல்லூரியைக் கீழே தள்ளிவிடுகிறார்கள். அது தேவையே இல்லை. உண்மையில் எது வேண்டுமோ அதை முதலில் போடுங்கள், அடுத்து எது பிடிக்குமோ அது இரண்டாவது. மேலே போட்டது கிடைக்காவிட்டால் கீழே உள்ளது தானாகப் பரிசீலனைக்கு வரும். உயரத்தில் ஆசைப்பட்டதற்காகக் கீழே உள்ளது பறிபோகாது. முந்தைய ஆண்டுகளில் எந்தக் கல்லூரி எந்த மதிப்பெண்ணில் முடிந்தது என்ற விவரமும் கிடைக்கும். அதைப் பார்த்து, உங்கள் மதிப்பெண்ணுக்கு மேலே சிலவும் பக்கத்தில் நிறையவும் கீழே சிலவும் போட்டு வையுங்கள்.

தனியார் கல்லூரி என்றால் பட்டியலில் போடுவதற்கு முன் ஒருமுறை நேரில் போய்விட்டு வாருங்கள். கட்டடத்தையும் பேருந்துகளையும் காட்டுவார்கள். நீங்கள் லேப்பைக் காட்டச் சொல்லுங்கள். மின் சமிக்ஞையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் ஒன்றுக்கு எத்தனை பேர், மாலையில் லேப் திறந்திருக்குமா என்று கேளுங்கள். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரைத் தனியாகப் பிடித்து அதே கேள்விகளைக் கேட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

வகுப்பு தொடங்குவதற்கு முன்

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு பிரெட்போர்டு, ஜம்பர் வயர், ரெசிஸ்டர் கலவைப் பாக்கெட், சில கெப்பாசிட்டர், எல்.இ.டி., 1என்4007 டையோடு, பி.சி.547 டிரான்சிஸ்டர், 555 டைமர். இவ்வளவு இருந்தால் முதல் இரண்டு வருடத்துக்குப் பெரும்பாலும் போதும். ஊரில் ரேடியோ, டிவி ஸ்பேர் விற்கும் கடைகளிலேயே பாதி கிடைக்கும். பெங்களூரு எஸ்.பி. ரோடு, ஓசூர் வழியாகப் போய் ஒரே நாளில் வாங்கித் திரும்பும் தூரம்தான். அங்கே கடை கடையாக விலை மாறும், விசாரித்து வாங்குங்கள்.

மின்சாரத்துக்குப் பழைய போன் சார்ஜரின் 5 வோல்ட் போதும். முதல் வருடத்தில் 230 வோல்ட் பக்கம் கை போகவே கூடாது. இதை வீட்டில் உள்ள பெரியவர்களிடமும் சொல்லி வையுங்கள். எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற பிள்ளை என்றதும் ‘இந்த மோட்டார் ஸ்டார்ட்டரைக் கொஞ்சம் பாருப்பா’ என்று கூப்பிடுவார்கள். அது வேறு வேலை, அதற்குரிய பயிற்சி பெற்றவர் செய்யட்டும்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு முதல் மாதம் கொஞ்சம் மூச்சு முட்டும். பிளஸ் டூ இயற்பியலில் குறைகடத்தி, மின்தேக்கி என்று படித்ததையே வகுப்பில் செமிகண்டக்டர், கெப்பாசிட்டர் என்பார்கள். ஒரு சின்ன நோட்டில் இரண்டையும் எதிரெதிரே எழுதி வாருங்கள். கருத்து ஏற்கெனவே உங்களுக்குத் தெரியும், பெயர்தான் புதிது. ஒரு செமஸ்டருக்குள் பழகிவிடும். வகுப்பில் கேள்வியைத் தமிழிலேயே கேளுங்கள், நம் பக்கத்து ஆசிரியர்கள் தமிழிலேயே பதில் சொல்வார்கள்.

முதல் மூன்று செமஸ்டர்

முதல் வருடம் கணிதம், இயற்பியல், வேதியியல், சி அல்லது பைத்தான் என்று பொதுவாகப் போகும். ‘இதெல்லாம் பள்ளிக்கூடப் பாடம்தானே’ என்று விட்டுவிடுகிறவர்களுக்கு மூன்றாம் செமஸ்டரில் அடி விழும். மேட்ரிக்ஸ், வகைக்கெழுச் சமன்பாடு, லாப்லாஸ், ஃபூரியர் எல்லாம் பின்னால் ஒவ்வொரு பாடத்திலும் திரும்ப வரும். சர்க்யூட் அனாலிசிஸ் என்ற ஒரு பாடத்தை மட்டும் உயிராகப் பிடித்துக்கொள்ளுங்கள். மெஷ், நோடல், தெவனின், நார்டன் ஆகிய சர்க்யூட் கணக்கு முறைகளில் தினமும் ஒரு கணக்கு போடுங்கள். விடையைப் பார்த்துப் புரிந்துகொண்டால் கணக்கு வந்துவிட்டதாகத் தோன்றும், தேர்வு அறையில் கை ஓடாது. வெள்ளைத் தாளில் தனியாகப் போட்டால்தான் வரும்.

தொடக்கத்தில் நான் சொன்ன கணக்கு, கட்டுதல், அளத்தல் என்ற மூன்று வேலையையும் ஒரு சின்ன உதாரணத்தில் செய்து பார்ப்போம். 5 வோல்ட்டுக்கு நடுவே இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடராக வையுங்கள். நடுப்புள்ளியில் 2.5 வோல்ட் வரும் என்கிறது கணக்கு. மீட்டரும் கிட்டத்தட்ட அதையே காட்டும். சரி, இப்போது கீழ் ரெசிஸ்டருக்கு இணையாக 1 கிலோ ஓம் ஒன்றைச் செருகுங்கள். நடுப்புள்ளி 0.42 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். 10 கிலோவும் 1 கிலோவும் இணையாகச் சேர்ந்தால் 909 ஓம், அதைப் போட்டுக் கணக்கிட்டால் அதே 0.42 வரும். லோடு போட்டால் வோல்டேஜ் ஏன் இறங்குகிறது என்பது அப்போது கையில் படும். எந்தச் சர்க்யூட்டையும் ஒரு வோல்டேஜும் ஒரு ரெசிஸ்டருமாகச் சுருக்கிக் காட்டும் தெவனின் தேற்றம் எதற்காக இருக்கிறது என்ற கேள்விக்கும் அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

அடுத்து, 10 கிலோவுக்குப் பதில் இரண்டு 1 மெகா ஓம் வைத்துப் பாருங்கள். கணக்கு மறுபடியும் 2.5 என்றுதான் சொல்லும். மீட்டர் 2.38 காட்டும். ரெசிஸ்டர் கெட்டுப்போயிற்றா என்று மாற்றிப் பார்க்கத் தோன்றும். சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள்மின்தடை பெரும்பாலும் 10 மெகா ஓம். மீட்டரை வைத்த அந்த நொடியில் அதுவும் சர்க்யூட்டில் ஒரு ரெசிஸ்டராகச் சேர்ந்துகொள்கிறது. அளக்கிற கருவியே அளவை மாற்றும் என்பதை இப்படிப் பார்த்த மாணவர், பின்னால் ஆசிலோஸ்கோப் புரோபில் 1எக்ஸ், 10எக்ஸ் என்று ஏன் இருக்கிறது என்று கேட்க மாட்டார், அவருக்கே தெரிந்துவிடும்.

கெப்பாசிட்டருக்கும் இப்படி ஒன்று. 10 கிலோ ஓமும் 1000 மைக்ரோ ஃபாரடும் தொடராக வைத்தால் டைம் கான்ஸ்டன்ட் 10 வினாடி. 5 வோல்ட் கொடுத்துவிட்டுப் போனில் ஸ்டாப்வாட்ச் ஓட விடுங்கள். 10ஆவது வினாடியில் 63 சதவீதம், அதாவது சுமார் 3.16 வோல்ட் வர வேண்டும். உங்களுக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ வரும், ஏனென்றால் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் மதிப்பே 20 சதவீதம் வரை விலகி இருக்கலாம். ஐந்து வினாடிக்கு ஒருமுறை குறித்து வரைபடத் தாளில் போட்டால், கணிதப் புத்தகத்தில் இருக்கும் எக்ஸ்பொனென்ஷியல் வளைவு உங்கள் கையாலேயே வந்து நிற்கும். கெப்பாசிட்டரில் பிளஸ், மைனஸ் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மாற்றி வைத்தால் கெட்டுப்போகும், வெடிக்கவும் கூடும்.

டிரான்சிஸ்டருக்கு வருவோம். பி.சி.547இன் தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். ஒரே கடையில் ஒரே பாக்கெட்டில் வாங்கிய பத்து டிரான்சிஸ்டரின் பீட்டாவை, அதாவது பேஸ் கரண்ட் கலெக்டரில் எத்தனை மடங்காகிறது என்ற எண்ணை, மீட்டரில் அளந்து பாருங்கள், ஒவ்வொன்றும் வேறு வேறு எண் காட்டும். தயாரிப்பாளர் தரும் விவரத்தாளான டேட்டாஷீட்டிலேயே 110 முதல் 800 வரை என்றுதான் போட்டிருக்கும். பீட்டாவை நம்பிச் சர்க்யூட் வடிவமைக்கக் கூடாது, வோல்டேஜ் டிவைடர் பயாஸும் எமிட்டர் ரெசிஸ்டரும் எதற்கு என்று வகுப்பில் சொல்லும்போது, இதைச் செய்து பார்த்தவருக்கு மனப்பாடம் தேவைப்படாது.

மூன்றாம் செமஸ்டர் வாக்கில் சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் வரும். கன்வல்யூஷன், ஃபூரியர் என்று கணக்காகவே போவதால் பலருக்கு இது வெறும் குறியீடாகத் தெரியும். இலவசமாகக் கிடைக்கும் ஆக்டேவ் மென்பொருளை லேப்டாப்பில் போட்டு, உங்கள் குரலையே போனில் பதிந்து அதில் திறந்து பாருங்கள். தொலைபேசிக்கு வினாடிக்கு 8000 சாம்பிள் எடுக்கிறார்கள், இசைக் குறுந்தகட்டுக்கு (சி.டி.) 44,100. பேச்சில் சுமார் 3400 ஹெர்ட்ஸுக்கு மேல் இல்லாவிட்டாலும் சொல் புரிந்துவிடும், அதனால் அதன் இரண்டு மடங்கைத் தாண்டிய 8000 போதும். உங்கள் குரலை 8000க்குக் குறைத்துக் கேளுங்கள், அப்புறம் 4000க்குக் குறைத்துக் கேளுங்கள். அதிர்வெண்ணின் இரண்டு மடங்குக்கு மேல் சாம்பிள் வேண்டும் என்ற நைக்விஸ்ட் விதியைக் காதால் கேட்டுவிடலாம்.

மின்காந்தப் புலம் பாடம் மட்டும் வீட்டில் கட்டிப் பார்க்க வராது. அதற்கு வெக்டர் கால்குலஸைத் திடமாகப் படிப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை. என்.பி.டி.இ.எல். என்ற இணையப் பாடத் தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் இலவசமாக இருக்கின்றன. வகுப்பில் ஒரு யூனிட் தொடங்கும் முன்பே அந்தப் பகுதியைக் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

லேப்பில்

நான்கைந்து பேர் ஒரு மேஜையில் நிற்பீர்கள். ஒருவர் இணைப்பார், ஒருவர் ரீடிங் எழுதுவார், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அந்த இணைக்கிற ஆள் நீங்களாக இருங்கள். குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், கையெழுத்து அழகாக இருக்கிறது என்று ரெக்கார்டு நோட்டை உங்களிடம் தள்ளிவிடப் பார்ப்பார்கள். இன்றைக்கு நீ எழுது, நான் கட்டுகிறேன் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

போகும் முன்பே அப்சர்வேஷன் நோட்டில் சர்க்யூட்டை வரைந்து, வர வேண்டிய மதிப்பைக் கணக்கிட்டு எழுதிக்கொண்டு போங்கள். வேலை செய்யவில்லை என்றால் உடனே எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மறுபடி கட்ட வேண்டாம். முதலில் சப்ளை வருகிறதா, பிறகு கிரவுண்ட் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கிறதா, அடுத்து ஐ.சி.யின் சப்ளைக் காலிலேயே வோல்டேஜ் இருக்கிறதா என்று மீட்டரோடு வரிசையாகப் போங்கள். பெரும்பாலான தவறு இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். ஆசிலோஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப் உள்ளே எர்த்தோடு இணைந்திருக்கும். அதை மெயின் சப்ளையோடு நேரடியாகத் தொடர்புள்ள எந்தப் புள்ளியிலும் மாட்டிவிடக் கூடாது.

லேப் வசதி குறைவான கல்லூரி என்றால் மனம் தளர வேண்டாம். எல்.டி.ஸ்பைஸ், கிகேட் போன்ற சர்க்யூட் மென்பொருள்கள் இலவசம். ஐ.ஐ.டி. பம்பாயின் ஈசிம் மென்பொருளும் இலவசம், அவர்களின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்களில் பல தமிழ்க் குரலிலும் இருக்கின்றன. மத்திய அரசின் வெர்ச்சுவல் லேப்ஸ் தளத்தில் சோதனைகளை உலாவியிலேயே செய்யலாம். ஆனால் இவற்றைக் கட்டிப் பார்ப்பதற்குப் பதிலாகக் கொள்ளாதீர்கள். சிமுலேஷனில் லூஸ் காண்டாக்ட் வராது.

விடுமுறையில் ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கம் உள்ள டிவி, செல்போன் சர்வீஸ் கடை ஒன்றில் கேட்டுக்கொண்டு உட்காருங்கள். டேட்டாஷீட் பார்க்காமலேயே எந்தப் பாகம் போயிருக்கும் என்று கண்டுபிடிக்கும் அண்ணன்கள் அங்கே இருக்கிறார்கள். சால்டரிங்கும் பழுது தேடும் வரிசையும் அவர்களிடம் கற்றுக்கொள்ளக் கிடைக்கிற மாதிரி வேறெங்கும் கிடைக்காது.

தேர்வு

ஒவ்வொரு பாடத்திலும் ஐந்து யூனிட், இரண்டு மதிப்பெண் கேள்விகள், பிறகு பெரிய கேள்விகள் என்பது வழக்கமான அமைப்பு. வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வு எழுதவே சிக்கல் வரும். அரியர் விழுந்தால் அடுத்த முறையே எழுதி முடித்துவிடுங்கள். சர்க்யூட் அனாலிசிஸ் அரியரை மூன்றாம் வருடம் வரை இழுத்துக்கொண்டு போனால், அதன் மேல் கட்டிய நான்கைந்து பாடங்களும் சேர்ந்து கஷ்டப்படுத்தும்.

மூன்றாம் வருடம்: திசை

இங்கே பாதை மூன்று நான்காகப் பிரியும். சிப் வடிவமைப்பு பிடித்தால் டிஜிட்டல் பாடத்தை ஆழப்படுத்தி சிப்பின் சர்க்யூட்டை விவரிக்கும் மொழியான வெரிலாக் எழுதப் பழகுங்கள். மைக்ரோகன்ட்ரோலர் பிடித்தால் சி மொழியில் பாயின்டர் வரை கை பழக வேண்டும், ஆர்டுயினோ போர்டில் தொடங்கி ஈ.எஸ்.பி.32க்குப் போகலாம். ஆர்.எஃப்., வயர்லெஸ் பக்கம் போகிறவர்கள் குறைவு, அதற்கான ஆட்களும் குறைவு. கணிதம் பிடித்தவர்கள் துணிந்து போகலாம்.

கல்லூரிக்கு வரும் நிறுவனங்களில் மென்பொருள் நிறுவனங்களே அதிகம் இருக்கும். அதற்காக எலக்ட்ரானிக்ஸை விட்டுவிட வேண்டாம். நம் மாவட்டத்தைச் சுற்றிப் பாருங்கள். ஓசூரில் டி.வி.எஸ்., ஏத்தர், ஓசூர் அருகே டாடா எலக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளியில் ஓலா மின்ஸ்கூட்டர் ஆலை, கிருஷ்ணகிரியில் டெல்டா. மின்வாகனம் என்றாலே மோட்டார் கன்ட்ரோலர், பேட்டரி மேலாண்மை, சென்சார் எல்லாம் இ.சி.இ. வேலை. ஓசூரைத் தாண்டினால் பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டி. இரண்டாம் ஆண்டு விடுமுறையிலிருந்தே இன்டர்ன்ஷிப்புக்கு எழுதிக் கேளுங்கள். நீங்கள் கட்டிய இரண்டு சர்க்யூட்டின் படமும் அளந்த ரீடிங்கும் ஒரு பக்கத்தில் இருந்தால், வெறும் மதிப்பெண் பட்டியலோடு வரும் விண்ணப்பத்தைவிட அது தனியாகத் தெரியும்.

எம்.டெக்., ஆராய்ச்சி என்று ஆசை இருந்தால் கேட் தேர்வு. 100 மதிப்பெண், மூன்று மணி நேரம், மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். முதல் மூன்று செமஸ்டரை ஒழுங்காகப் படித்தவருக்கு அதில் பெரும்பகுதி ஏற்கெனவே படித்ததுதான்.

கடைசி வருட புராஜெக்ட்

புராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. தயவுசெய்து அதில் விழாதீர்கள். நேர்முகத் தேர்வில் அதைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள், இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். நம் ஊரிலேயே நல்ல தலைப்புகள் கிடக்கின்றன. பட்டுப்புழு வளர்ப்பு மனையை எடுத்துக்கொள்ளுங்கள். இளம் புழுவுக்கு 26 முதல் 28 டிகிரி வெப்பமும் 80 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதமும் வேண்டும். வளர்ந்த புழுவுக்கு 24, 25 டிகிரியும் 70 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதமும் போதும். ஒரு ஈ.எஸ்.பி.32, வெப்பமும் ஈரப்பதமும் அளக்கும் நான்கைந்து டி.எச்.டி.22 சென்சார், விவசாயியின் போனுக்கு ஒரு எச்சரிக்கை. டி.எச்.டி.11 விலை குறைவுதான், ஆனால் 2 டிகிரி வரை பிசகும். 24க்கும் 26க்கும் வித்தியாசம் பார்க்க வேண்டிய இடத்தில் அது உதவாது.

சென்சாரை மனையின் ஒரு மூலையில் மட்டும் மாட்டினால் போதுமா, கூரைக்கு அருகே என்ன காட்டுகிறது, கரண்ட் போனால் என்ன ஆகும், சாதாரண வெப்பமானி காட்டுவதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று ஒரு வளர்ப்புப் பருவம் முழுக்க ரீடிங் எடுங்கள். வைவாவில் அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம். படிப்பு முடிந்து ஒரு வருட அப்ரன்டிஸ் பயிற்சிக்குச் சென்னை தரமணியில் உள்ள தொழில் பழகுநர் பயிற்சி வாரியம் வழியாக முயன்றாலும், நேரடியாக ஓசூருக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனாலும், அதே நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள்.